'ரிப்போர்ட் நார்மல்னு வந்துடுச்சே... தைராய்டு மாத்திரையை நிறுத்திடலாமா?'

என் அத்தைக்கு ஐம்பத்தெட்டு வயது. ஐந்து வருடங்களாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். போன வருடம் ஆடி மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச் 2.6 என்று வந்தது. பக்கத்திலேயே 'இயல்பு அளவு 0.4 முதல் 4.5 வரை' என்று அச்சாகியிருந்தது. "எல்லாம் சரியாயிடுச்சு, இனிமே எதுக்கு இந்த மாத்திரை?" என்று பாட்டிலை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். டாக்டரிடம் சொல்லவில்லை. மாமாவுக்கு மட்டும் தெரியும்.

ஒரு வாரம் போனது, ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம், மூன்று வாரம்... நன்றாகத்தான் இருந்தார். "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று மாமாவிடம் பெருமை வேறு. தீபாவளிக்கு நாங்கள் போனபோது அத்தையின் முகம் உப்பியிருந்தது. குரல் கரகரத்தது. முறுக்கு பிழியும்போது இரண்டு முறை அப்படியே உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் ஃபேனுக்குக் கீழே இருக்க, அவர் மட்டும் ஸ்வெட்டர் போட்டிருந்தார். அடுத்த வாரம் டெஸ்ட் எடுத்தால், டி.எஸ்.ஹெச் 48.

அத்தை செய்தது அபூர்வமான தவறே அல்ல. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தினால் சில நாள்களிலேயே அளவுகள் மாறிவிடும். தைராய்டு மாத்திரை அப்படி உடனே காட்டிக்கொடுக்காது. சாப்பிட ஆரம்பித்தாலும் மெதுவாகத்தான் வேலை செய்யும், நிறுத்தினாலும் மெதுவாகத்தான் விட்டுப்போகும். இந்த ஒரு குணம் புரிந்துவிட்டால், இந்த மாத்திரையைப் பற்றி நம் வீடுகளில் ஓடும் பாதிக் குழப்பங்கள் தீர்ந்துவிடும்.

'எனக்குத் தைராய்டு இருக்கு!'

இப்படித்தான் எல்லோரும் சொல்கிறோம். சொல்லப்போனால் தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது, இருந்தாக வேண்டும். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி வண்ணத்துப்பூச்சி வடிவில் உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. எடை சுமார் 15 முதல் 25 கிராம். நாம் சாப்பிடும் உணவிலுள்ள அயோடினை ரத்தத்திலிருந்து பிடித்து, டைரோசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்து இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. நான்கு அயோடின் அணுக்கள் சேர்ந்தால் டி4, அதாவது தைராக்ஸின். மூன்று சேர்ந்தால் டி3.

சுரப்பி பெரும்பாலும் டி4-ஐத்தான் வெளியே அனுப்புகிறது. ஆனால், செல்லுக்குள் போய் உண்மையில் வேலை பார்ப்பது டி3. ஈரல், சிறுநீரகம், மூளை என்று அந்தந்த உறுப்புகளே தங்களுக்கு வேண்டிய அளவுக்கு டி4-லிருந்து ஓர் அயோடினைக் கழற்றிவிட்டு டி3-ஆக மாற்றிக்கொள்கின்றன. அரிசியாக வாங்கி வைத்துக்கொண்டு வேண்டும்போது சோறு வடிப்பது மாதிரி. மனித உடலில் இந்த மாற்றம் நடக்கிறது என்பதே 1970-ல்தான் உறுதியானது. டி4 மட்டுமே உள்ள மாத்திரை பெரும்பாலானவர்களுக்குப் போதுமானதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த ஹார்மோன் என்ன செய்கிறது என்று கேட்டால், 'என்ன செய்யவில்லை' என்று பதில் கேள்விதான் கேட்க வேண்டும். இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், குடல் எவ்வளவு சுறுசுறுப்பாக அசைய வேண்டும், உடல் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், கொழுப்பு எவ்வளவு கரைய வேண்டும், மாதவிலக்கு எப்போது வர வேண்டும் என்று எல்லாவற்றிலும் இதன் கை இருக்கிறது. குறைந்தால் எல்லாமே மந்தமாகும்: அசதி, மலச்சிக்கல், வறண்ட தோல், முடி உதிர்தல், குளிர் தாங்காமை, அதிக ரத்தப்போக்கு. இது ஹைப்போ தைராய்டு. கூடினால் எல்லாமே வேகமெடுக்கும்: நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைதல், தூக்கமின்மை. இது ஹைப்பர் தைராய்டு.

சுரப்பியை மேலிருந்து கண்காணிப்பது, மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி. அது அனுப்பும் உத்தரவுதான் டி.எஸ்.ஹெச். மாடித் தொட்டியில் தண்ணீர் இறங்கினால் தானாக ஓடும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.ஹெச் ஏறும், ஹார்மோன் நிறைந்தால் இறங்கும். அதனால்தான் 'டி.எஸ்.ஹெச் அதிகம்' என்றால் தைராய்டு வேலை குறைவு என்று அர்த்தம். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "டி.எஸ்.ஹெச் 12 இருக்கு, அப்ப எனக்கு ஹைப்பரா?" என்று கேட்பவர்கள் இன்னமும் நிறைய பேர். இல்லை, தலைகீழ். இன்னொன்று, டி4 கொஞ்சம் குறைந்தாலே பிட்யூட்டரி பல மடங்கு சத்தம் போடும். அதனால்தான் டி4 இன்னும் இயல்பு எல்லைக்குள் இருக்கும்போதே டி.எஸ்.ஹெச் 7, 8 என்று ஏறத் தொடங்கிவிடுகிறது.

இந்தியாவில் எட்டு நகரங்களில் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. அதில் சுமார் 11 சதவிகிதம் பேருக்கு ஹைப்போ தைராய்டு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். முக்கியக் காரணங்களில் ஒன்று, நம் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய். 1912-ல் இதை முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயர் அது.

மருந்தல்ல, மாற்று

1891-ல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு செயலிழந்து முகம் வீங்கி, பேச்சு குழறிக் கிடந்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். சில மாதங்களில் அந்தப் பெண் எழுந்து நடமாடினார். பிறகு அந்தச் சாற்றை வாய்வழியாகவே எடுத்துக்கொண்டு மேலும் 28 வருடங்கள் வாழ்ந்து, 74 வயதில் இறந்தார். அதற்குள் அவருக்காக 870-க்கும் அதிகமான ஆடுகளின் சுரப்பி செலவாகியிருந்ததாக முர்ரே பின்னாளில் கணக்கு எழுதி வைத்தார்.

1914 டிசம்பர் 25 அன்று, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைத் தனியே பிரித்து எடுத்தார். 1927-ல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதைச் சோதனைச்சாலையிலேயே செய்து காட்டினார்கள். இன்று நாம் தைரோநார்ம், எல்ட்ராக்ஸின், தைராக்ஸ் என்ற பெயர்களில் வாங்குவது அந்த லெவோதைராக்ஸின்தான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "ஆயுசு முழுக்க இங்கிலீஷ் மருந்து சாப்பிடணுமா? கிட்னி என்ன ஆகும்?" என்ற பயம்தான் பலரை நிறுத்த வைக்கிறது. மாத்திரையில் இருப்பது உங்கள் சுரப்பி செய்யும் அதே பொருள். சரியான அளவில் சாப்பிட்டால், அது ஆட்டிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா, உங்கள் கழுத்திலிருந்தே வந்ததா என்று உடலுக்கு வித்தியாசம் தெரியாது. கிட்னியைக் கெடுக்காது. அத்தையின் ரிப்போர்ட் 2.6 என்று வந்தது சுரப்பி குணமானதால் அல்ல. மாத்திரை அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்ததால். கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தைப் படித்துவிட்டு, 'பார்வை வந்துடுச்சு' என்று கண்ணாடியைக் கழற்றி வைப்பது போல.

அப்படியானால் முதல் மூன்று வாரம் எப்படி நன்றாக இருந்தார்? தைராக்ஸினின் அரை ஆயுள் சுமார் 7 நாள்கள். அதாவது இன்று ரத்தத்தில் இருப்பதில் பாதி, ஒரு வாரம் கழித்தும் மிச்சமிருக்கும். இரண்டாவது வாரம் கால் பங்கு. சுத்தமாகத் தீர ஐந்து, ஆறு வாரம் ஆகும். திசுக்கள் மந்தமாகி அது வெளியே தெரிய அதற்கும் மேல். இதே கணக்குதான் மறுபக்கமும். மாத்திரை ஆரம்பித்து பத்து நாளில் 'ஒண்ணும் தெரியலையே' என்று சலித்துக்கொள்ளக் கூடாது. டோஸை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். அதற்கு முன்பு எடுத்தால் எண் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கும், காசுதான் வீண்.

எல்லோருக்கும் ஆயுள் முழுக்கத்தானா என்றால், இல்லை. பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்கள் தைராய்டு தடுமாறிப் பிறகு தானே சரியாகிவிடுபவர்கள் உண்டு. சுரப்பியில் தற்காலிக அழற்சி வந்து போகிறவர்களும் உண்டு. இவர்களுக்கு டாக்டரே டோஸைக் குறைத்து, டெஸ்ட் எடுத்துப் பார்த்து நிறுத்துவார். பாட்டிலை நாமே மேல்தட்டில் வைப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

காபிக்கு முன்னா, பின்னா?

இந்த மாத்திரையின் அளவு மைக்ரோகிராமில் இருக்கிறது. 12.5, 25, 50, 62.5, 75, 88, 100, 112 என்று சின்னச் சின்ன இடைவெளியில் இத்தனை டோஸ்கள் வருவதே, கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடலில் தெரியும் என்பதால்தான். சுரப்பி முழுவதுமாகச் செயலிழந்த ஒருவருக்குத் தோராயமாக ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 மைக்ரோகிராம் தேவை. 60 கிலோ என்றால் ஏறக்குறைய 100. வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25-ல் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றுவார்கள். பல வருடம் மெதுவாக ஓடிய இதயத்தை ஒரே நாளில் ஓட விரட்டக் கூடாது.

இவ்வளவு நுணுக்கமாக டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்ததை நாம் ஒரு டம்ளர் ஃபில்டர் காபியில் குழப்பிவிடுகிறோம். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு சாப்பிட்டால், மாத்திரையில் 70 முதல் 80 சதவிகிதம் வரை சிறுகுடல் வழியாக ரத்தத்துக்குப் போகும். வயிற்றில் உணவு இருந்தால் இந்த அளவு குறையும். காபி அதைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பால், சத்துமாவுக் கஞ்சி, சோயா, நார்ச்சத்து மிகுந்த உணவு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே எழுந்தவுடன் தண்ணீரோடு மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியோ டீயோ. ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது.

"காபி இல்லாம எனக்கு ஒரு மணி நேரம் ஓடாதே" என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இரவு உணவு முடித்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது சாப்பிடலாம். 2010-ல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், இரவில் சாப்பிட்டவர்களுக்கு அளவுகள் காலையில் சாப்பிட்டவர்களைவிடச் சற்று நன்றாகவே இருந்தன. ஆனால், ராத்திரி பத்தரைக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுக்கும் வீடுகளுக்கு இது சரிவராது. காலையோ இரவோ, டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்க வேண்டும்.

காபியைவிடப் பெரிய எதிரிகள் மாத்திரை டப்பாவுக்குள்ளேயே இருக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தைராக்ஸினைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல்லும் அப்படித்தான். பான்டாப்ரசோல், ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளின் கதை வேறு. அவை வயிற்றின் அமிலத்தையே குறைப்பதால், மாத்திரை கரைவதே பாதிக்கும், நேர இடைவெளி மட்டும் போதாது. அதையும் 'வெறும் வயிற்றில்', இதையும் 'வெறும் வயிற்றில்' என்று இரண்டு டாக்டர்கள் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கொடுத்து, இரண்டையும் ஒரே வாயில் போட்டு விழுங்குகிறவர்கள் ஏராளம். நெஞ்செரிச்சல் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுகிறீர்கள் என்றால், தைராய்டு டாக்டரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். டோஸைக் கூட்ட வேண்டியிருக்கலாம்.

ஒருநாள் மறந்துவிட்டால் பதற வேண்டாம், அரை ஆயுள் ஏழு நாள் என்பது இங்கே உங்களுக்குச் சாதகம். நினைவுக்கு வந்ததும், வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்து அன்றைக்கே போட்டுக்கொள்ளலாம். வாரத்தில் மூன்று நாள் மறக்கிறீர்கள் என்றால்தான் பிரச்னை. 'டோஸ் பத்தல' என்று டாக்டர் ஏற்றிக்கொண்டே போவார். நீங்கள் திடீரென ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் அது அதிகப்படியாகிவிடும். மறந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. திட்டினால் திட்டட்டும்.

முடி மாத்திரையும் பொய் ரிப்போர்ட்டும்

தைராய்டு குறைந்தால் முடி கொட்டும். முடி கொட்டினால் பயோட்டின் மாத்திரை வாங்குவோம். அந்தப் பயோட்டின், பல லேப்களில் பயன்படும் பரிசோதனை முறையையே ஏமாற்றிவிடும். 5 மி.கி, 10 மி.கி என்று அதிக டோஸில் எடுப்பவர்களுக்கு டி.எஸ்.ஹெச் இல்லாத அளவுக்குக் குறைவாகவும், டி4 இல்லாத அளவுக்கு அதிகமாகவும் காட்டும். உடம்பில் எந்தத் தப்பும் இருக்காது, ரிப்போர்ட் மட்டும் 'ஹைப்பர்' என்று சொல்லும். டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள், மிக அதிக டோஸ் என்றால் இன்னும் முன்பே. ரத்தம் எடுக்கும் அன்று காலை மாத்திரையை, ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். போட்டுவிட்டுப் போனால் டி4 சற்று ஏறிக் காட்டும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே லேபில் எடுப்பது ஒப்பிட உதவும்.

வேறு சில மருந்துகளும் தைராய்டைத் தொடுகின்றன. இதயத்துடிப்புக் கோளாறுக்குக் கொடுக்கும் அமியோடரோனின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அயோடின்தான், அது தைராய்டை எந்தப் பக்கமும் சாய்க்கலாம். மனநல சிகிச்சையில் கொடுக்கும் லித்தியம், சுரப்பியை மந்தமாக்கலாம். இவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.ஹெச் பார்ப்பார்கள். அதற்காக அந்த மருந்துகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து.

நாள் தள்ளிப்போயிருக்கிறதா?

காத்திருக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு இல்லை. நான்காவது மாதம் தாண்டித்தான் அது ஒழுங்காகச் சுரக்க ஆரம்பிக்கும். அதுவரை மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராக்ஸின் முழுவதும் அம்மாவிடமிருந்துதான். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு, கர்ப்பமானதும் தேவை 25 முதல் 30 சதவிகிதம் வரை கூடும். கூடுவது ஐந்தாம் வாரத்திலேயே, பலருக்கு அப்போதுதான் விஷயமே தெரியும்.

அதனால் கர்ப்பம் உறுதியான அன்றே டாக்டருக்கு போன் செய்ய வேண்டும். 'முதல் ஸ்கேனுக்குப் போகும்போது சொல்லிக்கலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது. வாரத்துக்கு ஏழு மாத்திரை என்றிருந்ததை ஒன்பதாக்கும்படி சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. குழந்தைக்குத் திட்டமிடும்போதே இதை டாக்டரிடம் பேசி வைத்துக்கொண்டால், அன்றைக்குத் தேட வேண்டியிருக்காது. கர்ப்ப காலத்தின் முதல் பாதியில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட், பிரசவம் முடிந்ததும் பழைய டோஸ். இன்னொரு சிக்கல், மசக்கையில் இருக்கும்போது கொடுக்கப்படும் இரும்பு, கால்சியம் மாத்திரைகள். எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கினால் தைராய்டு மாத்திரை வீண். காலையில் தைராய்டு, மதியச் சாப்பாட்டோடு ஒன்று, இரவு மற்றொன்று என்று பிரித்துவிடுங்கள்.

சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று தைராய்டு குறைபாட்டோடே பிறக்கிறது. பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது, நன்றாகவே தூங்கும், 'அழவே அழாத சமத்துக் குழந்தை' என்றுகூடச் சொல்வார்கள். பிறந்த மூன்று நாளில் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் ஆரம்பித்தால், குழந்தை மற்ற குழந்தைகளைப் போல வளரும். விட்டுவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும், பிறகு கொடுத்தாலும் முழுதாகத் திரும்பாது. உங்கள் மருத்துவமனையில் இந்தப் பரிசோதனையைத் தானாகச் செய்யவில்லை என்றால், டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டு வாங்குங்கள்.

ஹைப்பருக்குத் தொண்டை வலி வந்தால்...

ஹைப்போவுக்குக் கொடுப்பது மாற்று என்றால், ஹைப்பருக்குக் கொடுப்பது நிஜமாகவே மருந்து. நம் ஊரில் அதிகம் எழுதப்படுவது கார்பிமசோல். உடலுக்குள் போனதும் மெத்திமசோலாக மாறி, அயோடினை ஹார்மோனில் கோக்கும் நொதியைத் தடுக்கிறது. புதிதாகச் செய்வதைத்தான் தடுக்குமே தவிர, ஏற்கெனவே சுரப்பிக்குள் சேர்த்து வைத்த சரக்கை ஒன்றும் செய்யாது. அது தீர மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்கத்தான் கூடவே ப்ரோப்ரனோலால். ஆஸ்துமா இருப்பவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு ப்ரோப்ரனோலால் ஆகாது.

கார்பிமசோல் சாப்பிடுபவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இந்த மருந்து, கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களைத் திடீரெனக் காலியாக்கிவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அறிகுறி சாதாரணமாகத்தான் இருக்கும்: காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண். 'மழையில நனைஞ்சேன்' என்று பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றைக்கே ரத்த அணுக்கள் எண்ணிக்கைப் பரிசோதனை எடுத்து டாக்டரைப் பார்க்க வேண்டும். அத்தைக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, நீங்களே மாத்திரையை நிறுத்த வேண்டிய ஒரே சந்தர்ப்பம் கிட்டத்தட்ட இதுதான். இன்னொரு மருந்தான ப்ரோபைல்தயோயுராசில் அரிதாக ஈரலைக் கடுமையாகப் பாதிக்கும். கண் மஞ்சளானால் அதே அவசரம். ஆனாலும் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இதைத்தான் கொடுப்பார்கள், அந்தச் சமயத்தில் கார்பிமசோல் குழந்தைக்குக் குறைபாடுகளை ஏற்படுத்தக்கூடும் என்பதால்.

எல்லா ஹைப்பருக்கும் கார்பிமசோல் கிடையாது. சுரப்பியில் அழற்சி வந்து, உள்ளே இருந்த ஹார்மோன் கசிந்து வெளியே வந்திருந்தால், தடுப்பதற்குப் புதிய உற்பத்தியே இருக்காது. மருந்தால் எந்தப் பயனும் இல்லை. இதைப் பிரித்தறியத்தான் ஸ்கேனும் ஆன்டிபாடி டெஸ்ட்டும் எழுதுகிறார்கள், 'எதுக்குத் தேவையில்லாம' என்று தவிர்க்க வேண்டாம். கிரேவ்ஸ் நோய் என்றால் 12 முதல் 18 மாதம் மாத்திரை. நிறுத்தியபின் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வரும். அப்போது அறுவை சிகிச்சை அல்லது கதிரியக்க அயோடின். தைராய்டைத் தவிர வேறெந்த உறுப்பும் அயோடினை இவ்வளவு ஆசையாக இழுத்துக்கொள்வதில்லை என்பதால், விழுங்கிய மருந்து நேராக அங்கே போய்ச் சேரும். பெண்கள் அதன்பிறகு குறைந்தது ஆறு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும், பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து சேர்வது அதே தைராக்ஸின் பாட்டிலிடம்தான். கண்கள் துருத்தியிருக்கும் கிரேவ்ஸ் நோயாளி சிகரெட் பிடித்தால் கண் பாதிப்பு அதிகமாகும், இது ஆண்கள் கவனத்துக்கு.

எடை, வயது, உப்பு

எடை குறைக்கத் தைராக்ஸின் சாப்பிடுவது என்று ஒரு விபரீதம் ஜிம் பக்கம் சுற்றுகிறது. தைராய்டு சரியாக இருப்பவருக்கு அது தாறுமாறான இதயத்துடிப்பையும் எலும்புத் தேய்மானத்தையும்தான் கொடுக்கும். ஹைப்போவால் ஏறும் எடையே பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து கிலோதான், அதிலும் நிறைய உடலில் தேங்கிய நீரும் உப்பும். பத்துப் பதினைந்து கிலோவுக்குத் தைராய்டு மேல் பழிபோட முடியாது.

எழுபது வயதுத் தாத்தாவுக்கு டி.எஸ்.ஹெச் 6 என்று வந்தால் உடனே மாத்திரை வேண்டுமா? வயது ஏற ஏற டி.எஸ்.ஹெச் சற்று ஏறுவது இயல்பு. 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரிடம் நடத்தி 2017-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், இப்படி லேசாக ஏறியவர்களுக்குத் தைராக்ஸின் கொடுத்ததால் அசதியோ மற்ற அறிகுறிகளோ குறையவில்லை. சில மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால், அவர் அக்கறையில்லாமல் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

உப்பு விஷயமும் சொல்லிவிடுகிறேன். 1956 முதல், இன்றைய இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ விஞ்ஞானி வி.ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்ததில், கழுத்துக் கழலை சில வருடங்களிலேயே பாதிக்கும் கீழே குறைந்தது. 1962-ல் தேசியத் திட்டம் வந்ததற்கு அதுவே அடித்தளம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம் அயோடின், ஒரு குண்டூசித் தலையளவுகூட இல்லை. இப்போது 'இயற்கை' என்ற பெயரில் இந்துப்புக்கும் அயோடின் சேர்க்காத கல்லுப்புக்கும் மாறுகிறோம். வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் பாக்கெட்டைத் திருப்பி, அயோடின் சேர்த்ததுதானா என்று பாருங்கள். அதேசமயம் ஹஷிமோட்டோ உள்ளவர்கள் அயோடினை அள்ளிச் சாப்பிட்டால் சரியாகாது, கடற்பாசி மாத்திரைகளால் மோசமாகவும் ஆகலாம். முட்டைகோஸ், காலிஃப்ளவரைச் சமைத்து அளவாகச் சாப்பிட பயம் வேண்டாம். கொத்தமல்லி விதைத் தண்ணீர் பிடித்திருந்தால் குடியுங்கள், ஆனால், அதில் தைராக்ஸின் இல்லை.

அத்தையின் பாட்டில் இப்போது மேல்தட்டில் இல்லை, கட்டில் பக்கம் தண்ணீர்ச் சொம்போடு இருக்கிறது. ஜன்னல் வெயில் படாத பக்கமாகப் பார்த்து மாமாதான் வைத்தார். ஐந்தரைக்கு மாத்திரை, வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்து, ஆறரைக்குக் காபி. கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. எட்டு வாரம் கழித்து எடுத்த டெஸ்ட்டில் டி.எஸ்.ஹெச் 5.9. அடுத்ததில் 3.1. "நார்மல் வந்துடுச்சு அத்தை" என்றேன். "வரட்டும், அதுபாட்டுக்கு" என்றார்.